வாய்க்கால் தெருவின் முறை

காலை ஆறு முதல் ஏழு.
இரவு ஏழு முதல் எட்டு.
மஞ்சள் நோட்டீஸைப் பசை தடவித்
தெருமுனைக் கம்பத்தில் ஒட்டியவள் நான்தான்.
சரவெடி கூடாது.
ஆஸ்பத்திரிப் பக்கம் கூடாது.
மழையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

காலை நேரம் யாருக்கும் பயன்படவில்லை.
வரிசையாகப் பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துக்
குளிப்பாட்டி முடிக்கவே ஏழரை.
எல்லாரும் ராத்திரியை நம்பியிருந்தார்கள்.

ஐப்பசி. முக்கூடலில்
ஆறே முக்காலுக்குப் பிடித்தது.
ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து இரைந்துகொண்டு வந்து
ஓட்டிலும் தகரத்திலும் இறங்கிச்
சட்டம் கொடுத்த ஒரு மணி நேரத்தை
நிமிடம் மிச்சம் வைக்காமல் தின்றது.
பீடிக் கம்பெனி வாசலில் ஒதுங்கி நின்றேன்.
எதிரே படிக்குப் படி பிள்ளைகள்,
பாலிதீன் பையை நெஞ்சோடு அணைத்தபடி
அடைகாக்கிற மாதிரி.
ஒருத்தன் மட்டும் விடாமல்,
"அக்கா, மணி என்ன?"
ஏழு இருபது. ஏழு இருபத்தொன்று.
பொய் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

எட்டு ஐந்துக்கு மழை விட்டது.
தெரு என்னைப் பார்த்தது.
நான் நோட்டீஸைப் பார்த்தேன்.
பசை கரைந்து அது
கம்பத்தின் இடுப்பு வரை வழுக்கியிருந்தது.

முதல் வெடி எந்த வீடு என்று தெரியாது.
நமுத்த திரி சீறிச் சீறி அணைந்து
பிறகு ஒன்று பற்ற
இன்னொன்று
புகை எழும்ப மாட்டாமல் ஈரத்தில் தவழ்ந்தது.

வாக்கிடாக்கியில் இன்ஸ்பெக்டர்:
"உங்க பக்கம் எத்தனை?
பாப்பாக்குடியில நாலு எழுதியாச்சு."

விசிலை எடுக்குமுன் சொரிமுத்து வந்தார், டயர் கடை,
கையில் நாற்பது பக்க நோட்டு.
"ஏட்டம்மா, நீங்க அலைய வேண்டாம்.
கேஸுக்கு நாங்க முறை வச்சிருக்கோம்.
வருசத்துக்கு ஒரு வீடு.
அபராதம் தெருப்பொது. கொடைக்கு வரி பிரிக்க மாதிரி
தலைக்கட்டுக்கு முப்பது ரூவா."
போன வருசம் தையல்கார ஆண்டியப்பன்.
அதற்கு முந்தி பால்கார முப்பிடாதி.
ரசீதுகள் குண்டூசியில்.
எங்கள் ஸ்டேஷன் பதிவேடு இத்தனை ஒழுங்கில்லை.

இந்த வருசம்?
அவர் விரல் ஒரு வரியில் போய் நின்றுவிட்டது.
மாடக்கண்ணு, கதவிலக்கம் பதினேழு.

பதினேழில் வெளிவிளக்கு எரியவில்லை.
புரட்டாசி நடுவில் போய்ச் சேர்ந்தவர்.
பலகாரச் சட்டி ஏறாத வீடு.
"அடுத்த வீட்டை எழுதிக்கிடுங்க" என்றார் சொரிமுத்து.
அதற்குள் படியிறங்கிவிட்டாள் பிரமசக்தி,
பீடிச் சுளவைக் கதவோரம் வைத்துவிட்டு.
விரல் நுனியில் இன்னும் புகையிலைத் தூள்.

"எங்க முறையை எதுக்கு இன்னொருத்தர் தலையில வைக்கிய?
அவுக பேருதான இருக்கு. அதையே எழுதுங்க."

"இறந்தவர் பேர்ல எழுத முடியாதும்மா."

"அப்ப என் பேரு."

பேனாவைத் திறந்தேன்.
மேற்படி நபர் மேற்படி இடத்தில்
அனுமதித்த நேரம் கடந்து வெடித்ததாக,
என்றது படிவம்.
"நீங்க வெடிக்கலையே" என்றேன்.
ஏனோ அதை மட்டும் உரக்கச் சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள்.
பிறகு மணி கேட்ட பையனிடம் கையை நீட்டினாள்.
ஓர் ஓலைவெடி.
துட்டி வீடு வெடிக்கக் கூடாது.
அது யாரும் பசை தடவி ஒட்டாத சட்டம்.

தன் வாசலில் வைக்கவில்லை.
என் பக்கமாக வந்து
நனைந்த கம்பத்தடியில் வைத்தாள்.
மூன்று தீக்குச்சி வீண்.
நான்காவதற்கு நான் கைகுவித்துக் காற்றை மறைத்தேன்.
படிவத்தில் இதற்கு இடமில்லை.

சின்னச் சத்தம்தான்.
பீடிக் கம்பெனி நாய்கூட எழும்பவில்லை.

பெயர், பிரமசக்தி.
கணவர் பெயர், மாடக்கண்ணு.
முன்னால் 'லேட்' போடவா என்று கேட்கவில்லை.
நேரம், எட்டு நாற்பத்திரண்டு.
சொரிமுத்து பதினேழுக்கு நேரே ஒரு டிக் அடித்து
நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.
மறுபடி தூற ஆரம்பித்திருந்தது.